கூட்டுவதா, மாற்றுவதா

"கூட்டலாம். இல்லேன்னா மாத்தலாம். ரெண்டுல எதுன்னு நீங்களும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

கேட்டவுடன் டெஸ்ட் அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் மூக்கின் மேல் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, அதில் ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு. கடையில் அவளுக்குப் பெயரே டெஸ்ட் அக்கா என்றாகிவிட்டது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த முதலாளியும் வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுகிறார். அப்பேர்ப்பட்டவளை உட்கார வைத்து இது தேவலையா அது தேவலையா என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டாமா? "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாம்மா இருக்கு" என்று உதட்டைப் பிதுக்குகிற ஆட்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு அவளே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். வெளியே இன்னும் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மேஜை மேல் நான்கு தாள்களை வரிசையாக வைத்து விரலால் தட்டினார்.

"முதல் மாசம் பத்தொன்பது. அப்புறம் பதினஞ்சு, பன்னெண்டு, இப்ப பத்து. குறைஞ்சுக்கிட்டே வருது, நல்ல விஷயம். ஆனா பத்துலயே நிக்கக் கூடாது. மாத்திரையை அம்பது மில்லிகிராம்ல ஆரம்பிச்சு நூறாக்கினோம். மருந்து பாதி வேலை செய்யுது, அதனால நூத்தம்பதாக்கலாம்னு எனக்குத் தோணுது. ஆனா மனசு மரத்துப் போன மாதிரி இருக்குன்னு சொல்றீங்க. அது தாங்க முடியலேன்னா வேற மருந்துக்கு மாறலாம். மாறினா நடுவுல சில வாரம் கொஞ்சம் சிரமம். வீட்ல பேசிட்டு ரெண்டு வாரத்துல வாங்க."

அந்தத் தாள்களில் ஒன்பது கேள்விகள். தூக்கம், பசி, அசதி, எதிலும் நாட்டமில்லாமை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை. கூடக்கூட மோசம். காத்திருக்கும்போதே நர்ஸ் கையில் கொடுத்துவிடுவார், பேனாவோடு. ஒன்பதாவதுதான் பொல்லாத கேள்வி. இருந்து என்ன ஆகப்போகிறது, இல்லாமலே போய்விட்டால் தேவலை என்கிற நினைப்பு வருகிறதா என்று கேட்கும். டெஸ்ட் அக்கா அதில் முதல் தடவை தவிர எல்லாத் தடவையும் சைபரைத்தான் டிக் செய்திருந்தாள்.

அது பொய். அது மட்டுமல்ல, பதினைந்து பொய், பன்னிரண்டு பொய், பத்து பச்சைப் பொய்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்ல வெட்கமாக இருக்கும். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை அவள் படுக்கையை விட்டு எழவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எழுந்து என்ன செய்ய என்று தோன்றியது, அவ்வளவுதான். மூன்று வாரம் அப்படியே கிடந்தாள். கணவர்தான் தலை வாரிவிட்டு, சோறு ஊட்டி, ஒரு வழியாக இங்கே கூட்டி வந்தார். மாத்திரை தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்தாள், குளித்தாள், கடைக்குப் போனாள். அது நிஜம். அதோடு நின்றுவிட்டது, அதுவும் நிஜம். இரண்டாவது தடவை போனபோது டாக்டரம்மா தாளைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே, "கொஞ்சமாவது தேவலையா?" என்று கேட்டார். அந்த முகத்தில் ஓர் ஆசை இருந்தது. டெஸ்ட் அக்காவுக்கு அந்த முகத்தைத் தெரியும். ஆறேழு லென்ஸ் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பவாவது தெரியுதா?" என்று கேட்கும்போது அவள் முகமும் அப்படித்தான் இருக்கும். பாவம், சின்னப் பெண், காலையிலிருந்து எத்தனை அழுமூஞ்சிகளைப் பார்த்திருக்குமோ என்று மனம் இளகி, நர்ஸிடம் தாளைத் திருப்பி வாங்கி, இரண்டு மூன்று டிக்கை இடம் மாற்றிக் கொடுத்தாள். டாக்டரம்மா முகம் மலர்ந்துவிட்டது. யாருக்கோ ஒரு நல்லது செய்த மாதிரி இருந்தது. அடுத்த மாதம் திரும்ப ஏற்றிப் போட்டால் அந்தப் பெண் என்ன நினைக்கும்? இறங்கினது இறங்கினதாகவே இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் இறக்கினாள். இந்த மாதிரி தாட்சண்யத்தில் ஒருத்தி தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாளா என்று கேட்டால், இவள் போட்டுக்கொண்டாள்.

நிஜத்தில் ஒன்பதாவது கேள்வி அவளிடம் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. திட்டம், ஏற்பாடு எதுவும் கிடையாது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, போதுமே, இதோடு விட்டுவிடலாமே என்று ஓர் அலுப்பு. வாய் கொப்பளித்துத் துப்பியதும் போய்விடும். இப்போதெல்லாம் துப்பின பிறகும் கொஞ்ச நேரம் நின்றது.

வீட்டில் பேசுங்கள் என்று டாக்டரம்மா சொன்னாரே, பேசாமலா இருப்பார்கள்? பேசித் தீர்த்துவிட்டார்கள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் எவர் மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். உலகத்தையே அவர் லிஃப்டாகத்தான் பார்ப்பார்.

"ஓடற மெஷினை எவனாவது கழட்டுவானா? பத்தொன்பதுல இருந்து பத்துக்கு வந்திருக்குல்ல? பாதி தூரம் ஏறியாச்சு. இன்னும் கொஞ்சம் தெம்பு குடுத்தா மேல போயிடும். கழட்டி வேற மாட்டறேன்னு ஆரம்பிச்சு, மறுபடியும் கீழ விழுந்துட்டா? அந்த மூணு வாரம் இன்னொரு தடவை என்னால முடியாதும்மா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடியும் கழுவினார்.

தங்கை போனில் வந்தாள். அவள் கணக்கு டீச்சர். எதைச் சொன்னாலும் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்கிற மாதிரியே சொல்வாள்.

"மாத்திடுக்கா, யோசிக்காத. எங்க ஸ்கூல் பி.டி. மாஸ்டர் இதே மாதிரிதான் இருந்தாரு. மாத்தினாங்க. இப்ப கிரவுண்டுல மூணு சுத்து ஓடறாரு."

"முன்னாடி ஓடலியா?"

"முன்னாடியும் ஓடினாரு. ஆனா இப்ப சிரிச்சுக்கிட்டே ஓடறாரு. அதுல பாரு, உனக்கு மரத்துப் போகுதுன்னா அந்த மாத்திரை உனக்கு ஒத்துக்கலைன்னு அர்த்தம். கூட்டினா இன்னும் மரத்துத்தானே போகும்? சின்னக் கணக்கு."

கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. போன மாதம் வெளியூரில் இருக்கும் மகளுக்கு வேலை கிடைத்தது. பெண் போனிலேயே குதித்தாள். டெஸ்ட் அக்காவும், "அப்படியா கண்ணு! ஐயோ, என் தங்கமே!" என்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இதெல்லாம் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. போனை வைத்த பிறகு ஹாலில் உட்கார்ந்து, பெற்ற மகளுக்காக ஒரு துளி சந்தோஷம் வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்து வைத்துவிட்டு வராத தண்ணீருக்குக் காத்திருப்பது போல. வரவில்லை. அதை நினைத்து அழுகையாவது வந்ததா என்றால் அதுவும் வரவில்லை.

முதலாளிக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. "டெஸ்ட் அக்கா, காலையில அரை மணி நேரம் நடங்க. எல்லாம் பறந்துடும்" என்றார். அவர் கடை வாசலிலிருந்து கல்லா வரைக்கும்கூட நடந்து யாரும் பார்த்ததில்லை.

ஆக மொத்தம் ஆளுக்கொரு தீர்ப்பு. எல்லாரும் எந்த எண்ணை வைத்துப் பேசினார்களோ அந்த எண் புளுகு என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்கான தெம்புதான் இல்லை.

இப்படி ஒரு வாரம் போனது. வியாழக்கிழமை மதியம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், பெரிய தொப்பை, பெரிய பணிவு. கையில் லைசென்ஸ் புதுப்பிக்கிற படிவம்.

"கண்ணெல்லாம் ஒண்ணாம் நம்பரா இருக்கும்மா. சும்மா ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்."

"பாத்துட்டுப் போடறேன். உக்காருங்க."

எதிர்ச் சுவரில் விளக்கு எரிகிற பெட்டி. அதன் முகத்தில் வரிசை வரிசையாக எண்கள், மேலே பெரிதாக, கீழே போகப் போகப் பொடியாக. வலது கண்ணை மூடச் சொன்னாள். மூடினார். படிக்கச் சொன்னாள். மனிதர் மடமடவென்று ஒப்பித்தார். கடைசி வரியின் கடைசி எண் வரைக்கும் ஒரு தடுமாற்றம் இல்லை. இடது கண்ணை மூடினார், மறுபடியும் அதே மடமட.

இங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கண் நன்றாக இருக்கிறவர்கள்கூடக் கடைசி வரியில் கொஞ்சம் திணறுவார்கள். மூன்றா எட்டா என்று கண்ணைச் சுருக்குவார்கள். இவர் சுருக்கவே இல்லை. பார்க்கிறவனுக்கும் ஒப்பிக்கிறவனுக்கும் குரலே வேறு. விளக்கை அணைத்தாள், பெட்டியைப் பின்பக்கம் திருப்பினாள், விளக்கைப் போட்டாள். பின்பக்கத்தில் வேறு எண்கள்.

"நாலாவது வரி இன்னொரு தடவை படிங்க."

"ஏழு, ரெண்டு, ஒம்போது, நாலு, அஞ்சு" என்றார் டிரைவர், வெகு சுத்தமாக, முன்பக்கத்து நாலாவது வரியை.

அவள் அவரையே பார்த்தாள். ஐந்து விநாடியில் மனிதருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"வெளிய பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேம்மா. உள்ள போறவங்க வர்றவங்க எல்லாரும் இதையே படிச்சாங்க, காதுல விழுந்துது. மனப்பாடம் பண்ணிட்டேன். எட்டாங்கிளாஸ்ல இப்படிப் படிச்சிருந்தா நான் ஏன் பஸ் ஓட்டறேன்?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்களே."

"யார் பிடுங்கறாங்க? கண்ணாடி போட்டுக்கிட்டா ஓட்டலாம்யா. ஆனா எனக்கு எப்படித் தெரியும் எந்தக் கண்ணாடி போடறதுன்னு? நீங்க தெரியலைன்னு சொன்னாத்தானே நான் லென்ஸ் மாத்த முடியும்? தெரியுது தெரியுதுன்னே சொல்லிட்டிருந்தா நான் எதை வெச்சு எதைக் கூட்டறது, எதை மாத்த..."

வாய் பாதியில் நின்றது. கையிலிருந்த லென்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனிதர் பயந்துவிட்டார்.

"என்னம்மா, கண்ணு அவ்ளோ மோசமா?"

"இல்ல. உங்களுது மோசமில்ல."

அவருக்கு ஒன்றே கால் பவர் போதுமானதாக இருந்தது. சட்டத்தை மாட்டி லென்ஸைப் போட்டதும், "அட!" என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருந்த அச்சகத்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். போகும்போது இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார்.

டெஸ்ட் அக்கா அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. ஃபிரேம் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறைக்குப் போய் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அவமானமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒப்பிக்கிறவர்கள் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள், எத்தனை பேரை மனதுக்குள் திட்டியிருக்கிறாள். இவர்களாவது பிழைப்புப் போய்விடும் என்று பயந்து ஒப்பிக்கிறார்கள். அவள் டாக்டர் முகம் வாடக் கூடாதென்று ஒப்பித்தாள். முட்டாள், முட்டாள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அந்த அவமானம் சுருக்கென்று இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று உள்ளே போய்த் தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அவர் தரையில் உட்கார்ந்து தன் வேலைச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய புடவைகளும் பக்கத்தில் மடித்து வைத்திருந்தன. ஐந்து மாதமாக அதுவும் அவர் வேலைதான்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"மாத்திரைதானே?" அவர் தலையைத் தூக்காமலே அவசரமாகச் சொன்னார். "கூட்டிடலாம்னு பேசியாச்சுல்ல? நல்லா ஆயிக்கிட்டு வர்ற நேரத்துல கண்டதையும் போட்டுக் குழப்பிக்காத. டீ போடட்டுமா?"

அவர் கைகளைப் பார்த்தாள். கிரீஸ் கறை ஏறி நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போன கைகள், சட்டைக் காலரை வெகு கவனமாக நீவிக்கொண்டிருந்தன. கழுத்துக்குப் பின்னால் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இளைத்துப் போயிருக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தாள். இந்த மனிதரிடம் போய், நீங்கள் ஐந்து மாதம் ஏற்றிய லிஃப்ட் முதல் மாடிகூடத் தாண்டவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"போடுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனார்கள். அதே கூடம், அதே பிளாஸ்டிக் நாற்காலிகள், யாரும் பார்க்காத டி.வி. நர்ஸ் தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டுப் போனார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ ஒரு கட்டடத்தில் கதவு மூட மறுக்கிற லிஃப்டுக்குப் போனிலேயே வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் அக்கா முதல் கேள்வியைப் படித்தாள். படித்துக்கூட வெகு நாளாகிவிட்டது. போன தடவைகளில் கேள்வியைப் பார்க்காமலே டிக் போட்டவள் அவள். எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? அனேகமாகத் தினமும். மூன்று. தூக்கம்? மூன்று. அசதியா? இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறார்களே. மூன்று. பசி, இரண்டு. குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றுகிறதா? பக்கத்தில் துருத்திய கழுத்தெலும்பைப் பார்த்தாள். மூன்று. ஒன்பதாவதுக்கு வந்தபோது பேனா நின்றது. சைபர் கட்டத்தின் மேல் பழக்கதோஷத்தில் போய் நின்றது. அப்புறம் இரண்டு கட்டம் தள்ளிப் போய் டிக் செய்தாள். செய்துவிட்டு, யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல, தானே எழுந்து போய் நர்ஸிடம் கொடுத்தாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

"இருபத்தொண்ணு வருது" என்றார். "ரெண்டு வாரத்துல பத்துல இருந்து இருபத்தொண்ணா? என்ன ஆச்சு? வீட்ல ஏதாவது...?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணும் ஆகலையே டாக்டர். நல்லாத்தானே இருந்தா."

"ரெண்டு வாரத்துல ஒண்ணும் ஆகல" என்றாள் டெஸ்ட் அக்கா. குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "முதல் மாசம் போட்டதும் இப்ப போட்டதும்தான் நிஜம். நடுவுல போட்டதெல்லாம் நான் சும்மா போட்டேன். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு."

டாக்டரம்மா பழைய தாள்களை எடுத்தார், பார்த்தார், கவிழ்த்து வைத்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று டெஸ்ட் அக்கா காத்திருந்தாள். அவர் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நானும் உங்களைப் பாக்கல. காகிதத்தைத்தான் பாத்தேன்" என்றார். "கடைசிக் கேள்வி பத்திக் கேக்கணும். உங்க வீட்டுக்காரர் இருக்கலாமா, வெளிய இருக்கட்டுமா?"

அவள் கணவரைப் பார்க்கவில்லை. "இருக்கட்டும்."

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன செய்வதாகத் தோன்றுகிறது, எதையாவது எடுத்து வைத்திருக்கிறாளா. அவள் பல் தேய்ப்பதைச் சொன்னாள், அலுப்பைச் சொன்னாள், ஒன்றும் எடுத்து வைக்கவில்லை என்று சொன்னாள், துப்பின பிறகும் போகாமல் நிற்பதைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது பத்து மாடி ஏறி வந்தவள் போல மூச்சு வாங்கியது.

"நீங்க இதை மறைச்சிருந்தீங்கன்னா இன்னிக்கு நான் நூத்தம்பது எழுதி அனுப்பியிருப்பேன்" என்றார் டாக்டரம்மா. "நாலு மாசமா இந்த மருந்து உங்களைப் படுக்கையில இருந்து எழுப்பினதோட சரி. மனசையும் மரத்துப் போக வைக்குது. இதையே ஏத்திக்கிட்டுப் போறதுல அர்த்தமில்ல. மாத்திடலாம். இதைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். நடுவுல தலை சுத்தலாம், எரிச்சல் வரலாம், இன்னும் மோசமாத் தோணலாம். அதனால வாரா வாரம் நான் பாக்கணும். மாத்திரை எல்லாம் அவர் கையில இருக்கட்டும். அந்த நினைப்பு பலமா வந்தா எந்த நேரமானாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடணும், இல்லேன்னா நேரா வந்துடணும். சம்மதமா?"

"புதுசும் கேக்கலேன்னா?"

"கேக்கலேன்னு சொல்லுங்க. வேற பாப்போம்."

டெஸ்ட் அக்கா தலையாட்டினாள். விடுதலை, நிம்மதி என்றெல்லாம் ஒன்றும் இல்லை. இன்னும் எத்தனை மாதமோ, எத்தனை மாத்திரையோ என்று மலைப்பாகத்தான் இருந்தது. படுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அடுத்த தடவை வரும்போது எந்தக் கட்டத்தில் என்ன போட்டோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை இல்லை. அந்த ஒரு வேலை குறைந்தது.

கணவர் சீட்டை வாங்கிக்கொண்டார். மருந்துக் கடையில் வாங்கியதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பெயர் சரிபார்த்துத் தன் பைக்குள் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் சிமெண்டுத் திட்டு ஒன்று இருந்தது. அங்கே போனதும் உட்கார்ந்துவிட்டார். அவளும் உட்கார்ந்தாள். அவர் போன் அடித்தது. கதவு மூடாத லிஃப்டாக இருக்கும். எடுக்காமல் அணைத்தார்.

"கோவமா?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"உங்களுக்கும் சேத்துத்தான் பொய் சொன்னேன். அஞ்சு மாசமா நீங்க படற பாட்டைப் பாத்துட்டு..."

"எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பத்துன்னு நீ வந்து சொன்னப்பவே தெரியும். கூட இருக்கறவனுக்குத் தெரியாதா? பாத்ரூம்ல நீ எவ்ளோ நேரம் நிக்கறேன்னு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன், தினமும்." கீழே பார்த்துக்கொண்டே பேசினார். "கேக்கணும்னு எத்தனையோ தடவை வாயில வந்துது. ஞாயித்துக்கிழமை நீ சொல்ல வந்தியே, அப்பவும் தெரியும். அதான் டீ போடட்டுமான்னேன். கேட்டா நீ சொல்லிடுவியேன்னு பயமா இருந்துது. சொல்லிட்டா அதுக்கு மேல என்ன பண்றதுன்னு தெரியல. எனக்கு முடியலம்மா. ரொம்ப அசந்து போயிட்டேன்."

சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார். நாலு பேர் போகிற வருகிற இடத்தில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கூட அழ வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. கண் வறண்டுதான் கிடந்தது. கையை எடுத்து அவர் முதுகில் வைத்தாள். எலும்பு கையில் தட்டியது. அப்படியே வைத்திருந்தாள்.

வெகு நேரம் கழித்து அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்குக் காலையில வந்துதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்கிறார்.

"வந்துது."

"இப்ப?"

அவள் நிஜமாகவே உள்ளே பார்த்தாள்.

"இப்ப இல்ல" என்றாள். "இப்ப அசதிதான் இருக்கு."

"எனக்கும்" என்றார் அவர்.